மழலையர் பள்ளியின் கேமராக் காட்சியைப் பெற்றோரின் கைப்பேசிக்குத் திறந்துவிடலாமா? குழந்தைகளின் படங்களையும் விவரங்களையும் காப்பது எப்படி?

கேள்வி: ஆனையூர் மழலையர் பள்ளி நிர்வாகி

அனைவருக்கும் வணக்கம். மதுரை ஆனையூர்ப் பகுதியில் ஏறத்தாழ அறுபது குழந்தைகள் வரும் சிறிய மழலையர் பள்ளி ஒன்றை நடத்தி வருகிறேன். குழந்தைகள் இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை உள்ளவர்கள். வரும் ஆண்டுக்கான சேர்க்கை தொடங்கியதிலிருந்து, வகுப்பறைக் கேமராக்களின் காட்சியை அவரவர் கைப்பேசியில் நேரலையாகப் பார்க்கும்படி திறந்துவிட வேண்டும் என்று பெற்றோர் பலர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 2025 ஏப்ரலில் கே.கே. நகரில் ஒரு தனியார் மழலையர் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுக் குழந்தை இறந்த துயரத்துக்குப் பிறகு, இந்த ஊரில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுச் செல்லும் எந்தத் தாயிடமும் அந்த அச்சத்தைக் காண்கிறேன். அதை நான் முழுமையாக மதிக்கிறேன்.

அதே வேளையில் என்னைத் தயங்க வைக்கும் செய்தியும் ஒன்று உண்டு. 2025 செப்டம்பரில் லண்டனில் கிடோ என்ற மழலையர் பள்ளித் தொடரிலிருந்து ஏறத்தாழ 8,000 குழந்தைகளின் படம், பெயர், முகவரி ஆகியவற்றைத் திருடிவிட்டதாகக் கூறிய கும்பல் ஒன்று, சில குழந்தைகளின் விவரங்களை இணையத்தில் வெளியிட்டுப் பணம் கேட்டு மிரட்டியது. மறு மாதமே அந்த வழக்கில் பதினேழு வயதுச் சிறுவர்கள் இருவர் கைதானார்கள். அத்தனை வசதி படைத்த நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு கணினியும், கேமராக் காட்சிகளைப் பதிந்து வைக்கும் ஒரு டிவிஆர் பெட்டியும் மட்டுமே உள்ள நாங்கள் எதை நம்பி இருப்பது?

இப்போதைய நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியைகள் தங்கள் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்து வகுப்புக்கான வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பிறந்தநாள், கிருஷ்ண ஜெயந்தி, சித்திரைத் திருவிழாவை ஒட்டிய மீனாட்சி வேடம் போன்றவை பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்திலும் வெளியாகின்றன. சேர்க்கைப் படிவத்துடன் ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை வாங்கி வைக்கிறோம். இவற்றில் எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும், கேமரா விஷயத்தில் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்று, இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: கேமரா, நெட்வொர்க் பணியாளர், டவுன் ஹால் ரோடு

அம்மா, வணக்கம். மதுரையிலும் மேலூர், திருமங்கலம் பக்கங்களிலும் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் கேமரா பொருத்திக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். நேரலையைத் திறந்துவிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சிறு பள்ளிகள் வாங்கும் விலையில் கிடைக்கும் டிவிஆர்களில், ஒவ்வொரு பெற்றோருக்கும் தனிக் கணக்கு, அவருடைய குழந்தை இருக்கும் வகுப்பு மட்டும், பள்ளி நேரம் மட்டும் என்று வரையறுத்துக் கொடுப்பது நடைமுறையில் இயலாத காரியம். கடைசியில் எல்லாருக்கும் ஒரே பயனர் பெயரும் ஒரே பாஸ்வேர்டும் போய்ச் சேரும். அது தாயிடமிருந்து தந்தைக்கும், தாத்தாவுக்கும், வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கும் போகும். ஒருவர் குழந்தையை வேறு பள்ளிக்கு மாற்றிய பிறகும் அந்த பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும். தம் பிள்ளையை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்று நினைப்போம். ஆனால் திரையில் இருப்பவை மற்ற வீட்டுப் பிள்ளைகளும்தான். அந்தத் திரையை ஒருவர் பதிவு செய்தால் உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே கசிந்து, டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டது நினைவிருக்கலாம். உள்ளே நுழைய அவர்களுக்கு உதவியது, கருவியோடு வந்து கடைசிவரை யாரும் மாற்றாமல் விட்டிருந்த எளிய பாஸ்வேர்டு. எங்கள் தொழிலில் இது அன்றாடம் காணும் காட்சி.

உங்கள் பள்ளியில் இன்றே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த டிவிஆர் யாருடைய மின்னஞ்சலில், யாருடைய கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று செயலியைத் திறந்து பாருங்கள். பொருத்த வந்த பையன் அவசரத்தில் தன் சொந்தக் கணக்கில் பதிவு செய்துவிட்டு, உங்களுக்குப் பார்வையை மட்டும் பகிர்ந்திருப்பது மிகவும் வழக்கம். அப்படியானால் உங்கள் வகுப்பறையின் உரிமையாளர் அவர்தான். வேலையை விட்டுப் போன பிறகும் அவரால் பார்க்க முடியும். அந்த இணைப்பை நீக்கச் சொல்லி, பள்ளிக்கென்று தொடங்கிய மின்னஞ்சலில் புதிதாகப் பதிவு செய்யுங்கள். கருவியின் பாஸ்வேர்டு, வைஃபை பாஸ்வேர்டு, ரூட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு ஆகிய மூன்றும் வெவ்வேறாக இருக்கட்டும். ரூட்டரில் வெளியிலிருந்து நேரே டிவிஆருக்கு வரும்படி கதவு ஏதும் திறந்து வைத்திருந்தால் அதை மூடச் சொல்லுங்கள். கேமராக்களும், பெற்றோரும் விருந்தினரும் பயன்படுத்தும் வைஃபையும் ஒரே இணைப்பில் இருக்கக் கூடாது.

கழிவறை, உடை மாற்றும் இடம் ஆகிய பக்கங்களைக் கேமரா நோக்கவே கூடாது. கதவு திறந்திருக்கும்போது உள்ளே தெரிகிறதா என்பதையும் நின்று பார்க்க வேண்டும். டிவிஆரைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் செய்ய வேண்டியது இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கே.கே. நகரில் நடந்தது போன்ற துயரத்தைக் கைப்பேசியில் ஓடும் காட்சி தடுக்காது. மூடிப் பூட்டிய தொட்டியும், குழந்தைகளை எண்ணிக்கொண்டே இருக்கும் ஆசிரியையும்தான் தடுப்பார்கள். பெற்றோரிடம் முதலில் அந்தப் பூட்டைக் காட்டுங்கள்.

மறுமொழி: மூன்று வயதுக் குழந்தையின் தந்தை, திருநகர்

மேலே எழுதிய நண்பர் சொல்லும் தொழில்நுட்பக் காரணங்களை மறுக்க எனக்கு அறிவு போதாது. ஆயினும் பெற்றோர் பக்கத்திலிருந்து ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். காட்சி நிர்வாகத்திடம் மட்டுமே இருக்குமானால், நிர்வாகத்தின் பக்கமே தவறு நடக்கும் நாளில் அதை யார் பார்ப்பது? குழந்தைக்கு அடிபட்டு, என்ன நடந்தது என்று நாம் கேட்கப் போகும் நேரத்தில்தான் கேமரா பழுது என்றும், பதிவு அழிந்துவிட்டது என்றும் சொல்லப்படுகிறது. என் மகளுக்கு நடந்ததைக் கோவையாகச் சொல்லும் வயது இன்னும் வரவில்லை. நானும் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். நேரலை கூடாது என்றால், அதற்கு ஈடாக எங்களுக்கு எழுத்தில் என்ன உறுதி கிடைக்கும்? அது இல்லாமல் பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தினால், அது யாருடைய பாதுகாப்பு என்ற ஐயம் எழத்தான் செய்யும்.

மறுமொழி: வழக்கறிஞர், மதுரை

திருநகர்ப் பெற்றோர் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. நேரலையை மறுக்கும் எந்தப் பள்ளியும் அதற்கு எழுத்தில் பதில் தரக் கடமைப்பட்டது. நான் பரிந்துரைப்பது இது: பதிவுகள் முப்பது நாள் வரை கட்டாயம் வைக்கப்படும் என்றும், பெற்றோர் எழுதிக் கேட்டால் இரண்டு வேலை நாட்களுக்குள் பள்ளியிலேயே அமர்ந்து தொடர்புடைய பகுதியைப் பார்க்கலாம் என்றும், கேமரா பழுதானால் அன்று மாலையே எல்லாருக்கும் தெரிவிக்கப்படும் என்றும் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிடுங்கள். ஒரு குழந்தைக்குக் காயமோ வேறு தீங்கோ நேர்ந்தால், கேட்பார் வரும்வரை காத்திராமல் அன்றைய பதிவை உடனே தனியே எடுத்து முத்திரையிட்டு வைக்க வேண்டும், ஏனெனில் டிவிஆர் தன் போக்கில் பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். பெற்றோரில் இருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து, முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுப்பதும் நல்லது. நிர்வாகத்தின் மேல் ஒரு கண் இருக்கும். அதற்காக ஊரெல்லாம் பாஸ்வேர்டு பரவவும் வேண்டியதில்லை.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாள, சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதங்களில், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும். குழந்தைகள் காப்பகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கான கண்காணிப்பில் சில விலக்குகள் உண்டு. வகுப்பறைக் கேமரா அந்த விலக்கின் நிழலில் வரலாம். விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்கில் போடும் பிறந்தநாள் படம் ஒருபோதும் வராது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டம் இடம் தருகிறது. சிறு பள்ளிக்கு அந்த உச்ச அளவு விதிக்கப்படும் என்று அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் கடமை எல்லாருக்கும் உரியது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தயாரியுங்கள். தமிழ் உட்பட, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் அறிவிப்பைப் பெறும் உரிமையை இச்சட்டமே பெற்றோருக்குத் தருகிறது. படிவத்தில் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்காதீர்கள். வகுப்புக் குழுவில் படம் பகிர்வது, பள்ளிச் சுவரில் ஒட்டுவது, இணையத்தில் வெளியிடுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று குறிக்க இடம் விடுங்கள். இல்லை என்று குறித்த பெற்றோரின் பிள்ளை எந்தச் சலுகையையும் இழக்கக் கூடாது. ஆதார் குறித்தும் ஒரு சொல்: பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. வயதை அறியப் பிறப்புச் சான்றிதழ் போதும். அதையும் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வைத்திராத நகல் திருடு போகாது.

கடைசியாக ஒன்றை மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டுகிறேன். ஒரு குழந்தையின் தகாத படமோ காட்சியோ எவருடைய கைப்பேசியிலாவது இருப்பது உங்கள் பார்வைக்கு வந்தால், சான்றுக்காக என்று எண்ணியும் அதை வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின் கீழ் குற்றமாகிவிடும். இத்தகைய காட்சிகளை வைத்திருப்பதும் பார்ப்பதும் கூடக் குற்றமாகலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மாறான தீர்ப்பை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கருவியை அப்படியே வைத்துவிட்டுக் காவல் துறைக்கோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளேயே பேசி முடிப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி: அங்கன்வாடிப் பணியாளர், உசிலம்பட்டி வட்டாரம்

வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டிருப்பது தனியார் பள்ளி பற்றியது என்றாலும், எங்கள் மையங்களிலும் இதே கவலை இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். குழந்தைகளின் எடை, உயரம், வருகை, தாய்மாரின் ஆதார், கைப்பேசி எண் எல்லாவற்றையும் ஊட்டச்சத்துத் திட்டத்துக்கான அரசின் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறோம். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவு போன்றவற்றுக்கு 2025 ஜூலை முதல் முகப் பதிவும் கட்டாயமாகிவிட்டது. ஆகவே எங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கைப்பேசி ஊரின் பாதிக் குடும்பங்களின் விவரத்தைத் தாங்கியிருக்கிறது. அதற்குத் திரைப் பூட்டுப் போடுவது, வீட்டில் பிள்ளைகள் விளையாடக் கொடுக்காமல் இருப்பது, கல்யாணப் பத்திரிகை என்றும் அபராத ரசீது என்றும் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும், செயலியை நிறுவும் ஏபிகே கோப்புகளைத் தொடாமல் இருப்பது ஆகிய மூன்றையும் எங்கள் கூட்டங்களில் வலியுறுத்துகிறோம். அந்தக் கோப்பை ஒருமுறை நிறுவிவிட்டால் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகள் எல்லாம் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

எங்கள் பகுதியில் கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும், "அங்கன்வாடியிலிருந்து பேசுகிறோம், மகப்பேறு நிதி உங்கள் கணக்கில் ஏறப் போகிறது, வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று அழைப்புகள் வருகின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியில் பணத்தவணைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்தக் குரல் உண்மையாகத்தான் தோன்றும். ஆகவே, ஓடிபி எண்ணை மையத்தில் என் முகத்தைப் பார்த்து மட்டுமே சொல்ல வேண்டும், தொலைபேசியில் நானே கேட்டாலும் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் பள்ளியின் கட்டண விஷயத்திலும் இதே விதி பொருந்தும். நிர்வாகியின் வாட்ஸ்அப் களவு போனால், உங்கள் பெயரிலேயே பெற்றோர் குழுவுக்கு ஒரு கியூஆர் படம் வந்து நின்றுவிடும். கட்டண எண் மாறாது, மாறினால் நேரில்தான் அறிவிப்போம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணையும் இன்றே அமைத்துவிடுங்கள்.

படிவங்களை அச்செடுக்கும் இடத்தையும் மறக்காதீர்கள். ஜெராக்ஸ் கடையின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறப்புச் சான்றிதழ்கள் அந்தக் கணினியிலேயே கிடக்கின்றன. சொந்தமாக ஒரு சிறிய பிரிண்டர் வாங்கிவிடுவது அதைவிட நிம்மதி.

மறுமொழி: ஆனையூர் மழலையர் பள்ளி நிர்வாகி

பதில் எழுதிய எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. திருநகர் ஐயா கேட்ட கேள்விதான் என் பள்ளியின் ஒவ்வொரு பெற்றோரும் கேட்க இருப்பது. அதற்கு வழக்கறிஞர் ஐயா தந்த பதிலை அப்படியே சேர்க்கைப் படிவத்தில் சேர்க்கிறேன். நேரலை இல்லை என்பதையும், அதற்கு ஈடாக அவர்களுக்கு உள்ள உரிமைகள் எவை என்பதையும் முதல் பெற்றோர் கூட்டத்தில் நானே விளக்குவேன். பள்ளிக்கென்று ஒரு கைப்பேசி வாங்கவும், படங்கள் அதில் மட்டுமே எடுக்கப்பட வேண்டும் என்று வைக்கவும் முடிவு செய்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையில் மழலையர் நிலையங்களுக்காக வெளியிட்ட தேசிய மாதிரி நெறிமுறையும் இதையே சொல்கிறது என்று அங்கே பணிபுரியும் உறவினர் தெரிவித்தார்: குழந்தைகளுடன் இருக்கும்போது ஊழியர்கள் சொந்தக் கைப்பேசியைக் கையில் வைத்திருக்கக் கூடாது, நிலையத்தின் கருவியில்தான் படம் எடுக்க வேண்டும்.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் படங்களை என்ன செய்வது? மாலையில் குழந்தையை அழைத்துச் செல்ல வேறொருவர் வருவார் என்று பெற்றோர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வரும்போது, அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

மறுமொழி: கேமரா, நெட்வொர்க் பணியாளர், டவுன் ஹால் ரோடு

படங்களை நீக்கிவிடுங்கள் அம்மா. முகம், பெயர், பிறந்த தேதி, பள்ளிச் சீருடை ஆகியவை ஒன்றாகத் தெரியும் படங்களை முதலில் நீக்குங்கள். கோடையில் தண்ணீரில் விளையாடும்போது மேலாடை இல்லாமல் எடுத்த படங்கள் இருந்தால் அவை ஒரு நாளும் இருக்கக் கூடாது. இப்போது ஒரு சாதாரண முகப்படத்தைக் கொண்டே போலிக் காட்சி செய்துவிடும் கருவிகள் யார் கையிலும் இருக்கின்றன. குழந்தைகள் வரைந்த ஓவியம், களிமண் பொம்மை, பின்புறத்திலிருந்து எடுத்த வட்ட விளையாட்டு ஆகியவை பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். நீக்கும் முன் பதிவிறக்கி, பெற்றோருக்கு அவரவர் குழந்தையின் படத்தை மட்டும் கொடுத்துவிடலாம்.

குழந்தையை அழைத்துச் செல்லும் விஷயத்தில் வாட்ஸ்அப் செய்தியை ஒருபோதும் இறுதியாகக் கொள்ளாதீர்கள். கணக்கு களவு போயிருந்தால் செய்தி தாயின் பெயரிலும் படத்திலுமே வரும். குரலைப் போலச் செய்வதும் இப்போது எளிதாகிவிட்டது. சேர்க்கையின்போதே அழைத்துச் செல்லத் தகுதியுள்ள மூவரின் பெயரையும் படத்தையும் தாளில் வாங்கி, அலுவலக அலமாரியில் வைத்துவிடுங்கள். அந்த மூவரைத் தவிர வேறொருவர் வந்தால், செய்தி வந்த வாட்ஸ்அப்பில் பேசாமல், படிவத்தில் இருக்கும் தாய், தந்தை இருவரின் எண்களுக்கும் நீங்களே சாதாரண அழைப்பில் பேசி, சேர்க்கையின்போது குடும்பம் சொல்லி வைத்த ரகசியச் சொல்லைக் கேளுங்கள். இருவரும் எடுக்கவில்லையானால் குழந்தை பள்ளியிலேயே இருக்கட்டும். வந்தவர் தாய்மாமனாகவே இருந்து கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்படிக் கோபிக்கக் கூடாது என்பதையும் அதே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். பணமோ கணக்கோ களவு போனதாகத் தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். மாநகரிலும் மாவட்டத்திலும் சைபர் குற்றப் பிரிவுக் காவல் நிலையங்கள் தனித்தனியே உள்ளன, நேரிலும் புகார் கொடுக்கலாம். டிவிஆரைப் புதிய கணக்கில் பதிவு செய்யும்போது செயலி ஏதேனும் இடையூறு காட்டினால் இங்கேயே எழுதுங்கள். பழைய கணக்கின் இணைப்பை நீக்க முடியாவிட்டால், வாங்கிய ரசீதுடன் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தை அணுகினால் நீக்கித் தருவார்கள்.